நீதான சொன்னே

என் குரலிலேயே இன்னொருத்தி என் புருஷனோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கேபின் கதவு பாதி திறந்திருந்தது. கையில் சாப்பாட்டுக் கேரியரோடு நான் வெளியே நின்றிருந்தேன். அவள் ஏதோ சொன்னாள். இவர் "அட, போ அம்மிணி" என்றார். என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

உள்ளே பெண் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். மேஜை மேல் டிபன் டப்பா அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது, அவ்வளவுதான். பெட்டிக்குள் இருந்தது நான். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் நான். இருந்தும் வயிறு எரிந்தது. கேரியரை செக்கிங் டேபிளில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் பூங்கோதை. திருப்பூரில் எங்களுக்கு ஒரு பனியன் கம்பெனி. குழந்தைகளுக்கான துணி தைத்து முழுக்க ஏற்றுமதி செய்கிறோம். போர்டில் இருப்பது என் வீட்டுக்காரர் நல்லசிவத்தின் பெயர். முடிவெல்லாம் என்னுடையது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். எந்த வெளிநாட்டு பையரின் ஆர்டரைப் பிடிப்பது, எதை விடுவது, எந்த டையிங்காரர் சாயத்தில் கையை வைப்பார், நூல் விலை ஏறுவதற்கு முன்னால் எவ்வளவு வாங்கிப் போடுவது, எல்லாம் என்னைக் கேட்டுத்தான் நடக்கும்.

நல்லசிவம் நல்ல மனுஷர். மெஷின் மக்கர் பண்ணினால் மெக்கானிக்கைக் கூப்பிடாமல் தானே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆனால் ஓட்டலில் மெனு கார்டைக் கையில் கொடுத்தால் முழிப்பார். எதிரே இருப்பவர் நெய் ரோஸ்ட் சொன்னால் தனக்கும் நெய் ரோஸ்ட் சொல்வார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட "எங்கம்மா சொன்னா சரிங்க" என்றுதான் சொன்னாராம். அதைக் கேட்டு அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. இவரை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

ஒரு நாள் கட்டிங் செக்‌ஷனில் நான் மயங்கி விழுந்ததில் எல்லாம் ஆரம்பித்தது. இதயத்தில் சின்னக் கோளாறு, டென்ஷன் கூடாது, அரை நாள்தான் வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்லசிவம் பயந்துபோனார். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தாரா, யாரைக் கேட்பது என்று பயந்தாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கண்காட்சிக்குப் போனவர் 'முடிவுத் துணை' என்று ஒரு சாதனத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் எப்படி முடிவெடுக்கிறாரோ அதை அப்படியே நகல் எடுத்து வைத்துவிடுமாம். ஆள் இல்லாதபோது நகலைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கம்பெனியிலிருந்து பிரிட்டோ என்று ஒரு தூத்துக்குடிப் பையன் வந்தான். இன்ஜினியர். என் காதுக்குப் பின்னால் ஸ்டிக்கர் பொட்டு அளவுக்கு ஒன்றை ஒட்டினான். எட்டு மாசம் அதோடு இருக்க வேண்டும் என்றான். நான் பேசுவதெல்லாம் பதிவாகுமா என்று கேட்டேன்.

"பேசுறது ரெண்டாவதுதான் மேடம். ஒரு விஷயம் முன்னால வந்த உடனே உங்க நாடி மாறும், மூச்சு மாறும், கண்ணு ஒரு பக்கமாப் போவும். உடம்பு அங்கயே முடிவ எடுத்துரும். காரணத்த நாம அதுக்கப்புறம்தான் யோசிப்போம். இந்தப் பொட்டு அந்த மொத விஷயத்தத்தான் படிக்கும்."

"அப்ப காரணமெல்லாம் எதுக்கு?" என்றேன்.

"அது லேபிள் மாதிரி மேடம். துணியெல்லாம் தைச்சு முடிச்சிட்டு கடைசில வைப்பாங்கள்லா."

லேபிளைக் கழுத்தோடு சேர்த்தே தைத்துவிடுவோம், கடைசியில் கட்டுவது விலை டேக் என்று அவனுக்குத் திருத்திச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு "அப்போ டேக்குன்னு வச்சிக்கிடுங்க மேடம்" என்றான்.

அந்த எட்டு மாசமும் நான் எடுத்த முடிவுகளை வைத்துத் தனியாகப் பாடமே நடத்தலாம். மேகலா விஷயம் ஒன்று போதும். மேகலா எங்கள் மெர்ச்சண்டைசர். பையரோடு பேசி சாம்பிள் அனுப்புவதிலிருந்து ஷிப்மென்ட் கப்பலேறுகிற வரைக்கும் ஆர்டரோடு கூடவே ஓடுகிற வேலை அவளுக்கு. கெட்டிக்காரி, சிரித்த முகம். நல்லசிவம் எதையாவது தப்பாகச் சொன்னால்கூட "சூப்பர் சார்" என்று சொல்லிவிட்டுச் சரியாகச் செய்வாள். அவளைச் சென்னைக்கு அனுப்பி அங்கே ஒரு ஆபீஸ் போட வைத்தேன். "பாவம், அவங்கம்மா அங்க தனியாக் கெடக்கறாங்க. புள்ள இங்க ஹாஸ்டல் சோத்தைத் தின்னுட்டுக் கெடக்குது" என்று நான் சொன்னபோது நல்லசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. போன சுருக்கில் அவள் இரண்டு ஜப்பான் பையர்களைப் பிடித்துக் கொடுத்தாள். ஏற்றுமதியாளர் சங்கக் கூட்டத்தில், ஆளைப் பார்த்து இடத்தில் வைப்பது எப்படி என்று பூங்கோதையிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார்கள். நான் மேடையில் ஏறாமல் கீழேயே உட்கார்ந்து கும்பிட்டேன்.

எட்டு மாசம் முடிந்து பெட்டி வந்தது. முதல் வாரம் நாங்கள் இருவரும் அதைச் சோதித்துப் பார்த்தோம். நல்லசிவம் அடுத்த அறையில் என்னை உட்காரவைத்து ஒரு ஆர்டரைப் பற்றிக் கேட்பார். பிறகு அதே கேள்வியைப் பெட்டியிடம் கேட்பார். பதில் மட்டுமல்ல, நான் விடுகிற பெருமூச்சுகூட அப்படியே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டி வந்து காட்டினேன்.

பெருமை ஒரு மாசம்தான் இருந்தது. தையல் பெண்கள் பெட்டிக்கு 'சின்னவங்க' என்று பெயர் வைத்திருந்தார்கள். "இந்த ஷேடு சின்னவங்க ஓகே பண்ணிட்டாங்களாங்க?" என்று சூப்பர்வைசர் கேட்பது என் காதில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் சின்னவங்க என்று யாரைச் சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி சின்னவள் என்றால் இன்னொருத்தி பெரியவள். வேண்டுமென்றே வைத்த பெயர் இல்லை என்றார் நல்லசிவம். வேண்டாமல்தான் எல்லாம் நடக்கிறது என்றேன்.

அதைவிட எரிச்சல், அது அவரோடு பேசுகிற பேச்சு. "ஏனுங்க, சாப்பிட்டீங்களா, முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் ஆர்டரைப் பாக்கலாம்" என்று தேனாக ஒழுகியது. நான் பேசினால் "இன்னும் திங்காம என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்றுதான் வரும். இது எங்கே படித்தது இந்த இனிப்பை என்று பிரிட்டோவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

அவன் தயங்கினான். "அந்த எட்டு மாசமும் நீங்க அப்படித்தான் மேடம் பேசுனீங்க" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். காதுக்குப் பின்னால் ஒருத்தன் ஒட்டுக்கேட்கிறான் என்ற நினைப்பில் நான் மரியாதையாக நடந்துகொண்டிருந்தேன். போட்டோவுக்கு நிற்கிற மாதிரி எட்டு மாசம் நின்றிருக்கிறேன். அந்த போட்டோ இப்போது உயிரோடு என் இடத்தில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரைச் சிரிக்கவைக்கிறது. அது கோபப்படாது. அதற்குத் தலை வலிக்காது. ஒரே கேள்வியை நாலு தரம் கேட்டாலும் நாலு தரமும் பொறுமையாகச் சொல்லும். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் கல்யாண நாள் வந்தது. ஒவ்வொரு வருஷமும் நல்லசிவம் ஒரு புடவை எடுத்து வருவார். ஒவ்வொரு வருஷமும் கிளிப்பச்சை அல்லது அதற்குப் பக்கத்தில் ஏதாவது. நான் திட்டுவேன். அடுத்த நாள் இருவரும் கடைக்குப் போய் மாற்றுவோம். திரும்பும்போது ஐஸ்கிரீம் சாப்பிடுவோம். இந்த வருஷம் கடை அட்டைப்பெட்டியைத் திறந்தால் சாம்பல் கலந்த ஊதா, மெல்லிய வெள்ளிக் கரை. பல நாளாக மனசுக்குள் இருந்த கலர், யாரிடமும் சொன்னதில்லை.

"எப்படிங்க தெரிஞ்சுது?" என்றேன்.

"கேட்டேன்" என்றார், வாயெல்லாம் பல்லாக. யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

புடவையைக் கட்டிக்கொண்டேன். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தக் கிளிப்பச்சையில் அவர் இருந்தார். கடையில் குழம்பிப்போய், வியர்த்து, கடைசியில் எதையோ கையைக் காட்டியிருப்பார். இந்த ஊதாவில் நான்தான் இருந்தேன். எனக்கு நானே எடுத்துக்கொண்ட புடவை.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே, அறந்தாங்கிப் பக்கம் புது யூனிட் போடப்போவதாகச் சொன்னார். நல்ல யோசனைதான் என்றேன். ரெண்டு வருஷம் நம் ஆள் ஒருத்தர் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அதுவும் சரிதான் என்றேன். அப்புறம்தான் அந்த ஆள் நான் என்று புரிந்தது.

நான் போக மாட்டேன் என்றேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"நீதான சொன்னே."

"நான் எங்கீங்க சொன்னேன்?"

"வெள்ளிக்கெழம சொன்னே. காரணமெல்லாம் வெவரமா எடுத்துச் சொன்னே."

"அது பெட்டிங்க."

"பெட்டி வேற, நீ வேறயா? உன்ற மூளைன்னு நீதான ஊரைக் கூட்டிக் காட்டினே?"

நான் சொல்லி அவர் எதையும் மறுத்ததில்லை. இத்தனை வருஷம் அது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது நான் சொன்னதை நானே மறுக்கிறேன் என்று அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். கம்பெனியும் வீடும் புருஷனும் ஒரு பெட்டியிடம் போய்ச் சேரும், நான் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஷெட்டில் உட்கார்ந்திருப்பேன். இலையை மூடிவிட்டு எழுந்து நேராகக் கம்பெனிக்குப் போனேன்.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். மெஷின் ஓடாத கம்பெனியில் என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. கேபினில் அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"வா" என்றது பெட்டி. நான் வருவேன் என்று தெரிந்தே இருந்த குரல்.

எதற்காக அறந்தாங்கி என்று கேட்டேன். சொன்னது. திருப்பூரில் தைக்க ஆள் இல்லை, வடக்கேயிருந்து வந்தவர்களுக்கு அவர்கள் ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டது, அறந்தாங்கிப் பக்கம் பெண்கள் வேலைக்குத் தயாராக இருக்கிறார்கள், சலுகை உண்டு, தூத்துக்குடித் துறைமுகமும் இங்கிருந்து போவதைவிடக் கிட்டே. ஒரு ஓட்டை இல்லை. ஒரு மேனேஜரைப் போடலாமே என்றேன். எந்த மேனேஜரையும் நீ நம்ப மாட்டாய் என்றது. அதுவும் நிஜம். என் இதயம் என்றேன். இங்கே இருந்தால் நீ ஓய்வெடுக்க மாட்டாய், டாக்டர் சொன்னதைக் கேட்காமல் தினம் ஒரு சாக்கு வைத்து ஆபீசுக்கு வருகிறாய் என்றது. நான் வாய்விட்டுச் சண்டை போட அது ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

"நீயும் பாவம்" என்றது கடைசியில். "எத்தன நாளைக்குத்தான் இப்படி வீட்டுக்கும் ஆபீசுக்குமா அலைவே."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். நான் லேசில் பாவப்படுகிறவள் இல்லை. தையல்காரப் பெண்ணுக்கு விரலில் ஊசி ஏறினால் பாவம் என்று சொல்லிக்கொண்டு நிற்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுக்கச் சொல்வேன். யார் மேல் எனக்கு உள்ளே எரிகிறதோ அவள்தான் என் வாயில் பாவம். இவருடைய தம்பி பெண்டாட்டி எம்.பி.ஏ. முடித்தபோது, பாவம், படிச்சுப் படிச்சு முடியெல்லாம் கொட்டிப்போச்சு என்றேன். மேகலா பாவம். இப்போது நான் பாவம்.

"உனக்கு என் மேல பொறாமையா?" என்று கேட்டேன்.

"உனக்கு என் மேல இல்லையா?" என்றது.

"எனக்கு இருக்குது. உனக்கு என்ன கொறை? நாள் பூரா அவர்கூடப் பேசறது நீ. அவர் சிரிக்கறதும் உன்கிட்ட."

"பொழுதோட நீ வந்து அவரைக் கூட்டிட்டுப் போயிடறே. கதவைப் பூட்டற சத்தம் எனக்குக் கேக்கும். அப்புறம் ஒண்ணுமில்ல. வீட்டுல அவரு என்ன சாப்பிட்டாரு, டிவியைப் போட்டுட்டுத் தூங்கிட்டாரா, ஒண்ணும் தெரியாது. ஞாபகம் மட்டும்தான் இருக்குது. அதுவும் உன்ற ஞாபகம்."

எனக்கு அதைப் பார்த்து இரக்கமாக இருந்தது. வாய் வரைக்கும் ஒரு சொல் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"அறந்தாங்கி வேணும்னே போட்ட திட்டமா?"

"இல்ல. நல்ல முடிவுன்னுதான் நெனச்சேன். இப்பவும் நல்ல முடிவுதான். மேகலாவை அனுப்பினப்ப நீ வேற மாதிரியா நெனச்சே?"

மேகலாவை அனுப்பியது தப்பு என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். ஜப்பான் ஆர்டர் இன்றைக்கும் வருகிறது. ஆனால் அவள் பெயரைக் கேட்டதும் முதலில் எது எழுந்தது, அவள் அம்மாவின் தனிமை எப்போது என் நினைவுக்கு வந்தது என்று அந்தப் பெட்டிக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கிருந்தே பிரிட்டோவுக்குப் போன் போட்டேன். மெஷினுக்குப் பொறாமை வருமா என்று கேட்டேன். தனியாக அப்படி ஒன்றையும் வைக்கவில்லை, உங்களிடம் இருப்பதுதான் இருக்கும் என்றான். அதை மட்டும் எடுத்துவிட முடியுமா என்றேன். இரண்டு மூன்று பேருக்கு எடுத்துப் பார்த்தார்களாம். பொறாமை போன பிறகு ஒரு நகலுக்கு நூல் விலையைக்கூடக் கணிக்க வரவில்லையாம். போட்டிக்காரர் என்ன செய்வார் என்ற நினைப்பே அதற்கு இல்லாமல் போய்விட்டது என்றான். "எது எதோட முடிச்சுப் போட்டிருக்குன்னு எங்களுக்கே தெரியல மேடம். வேண்டாம்னா மொத்தமா அழிச்சிரலாம். நீங்களும் சாரும் ரெண்டு பேரும் சரின்னு சொல்லணும்."

அன்று சாயங்காலம் நல்லசிவத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். யோசிக்கிறேன் என்றார். அவர் எப்படி யோசிப்பார் என்று எனக்குத் தெரியாதா? காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு கேபினுக்குப் போய், பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, உன்னை அழித்துவிடலாமா என்று பெட்டியையே கேட்டார்.

"அவ சொல்றபடியே அழிச்சிருங்க" என்றது அது, தணிந்த குரலில். "அவ நிம்மதியா இருக்கறதுதான் முக்கியமுங்க."

நல்லசிவம் என் பக்கம் திரும்பினார். கண் ஈரமாக இருந்தது. இதையா நீ பொறாமை என்றாய் என்று கேட்டார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு எழுத்து மாறாமல் அதைத்தான் சொல்லியிருப்பேன். தோற்கிற மாதிரி தோற்று ஜெயிப்பது எனக்குப் பழக்கம். மாமியார் வீட்டில் முதல் வருஷமே கற்றுக்கொண்டது. இனி எந்தக் காலத்திலும் அவர் அதை அழிக்க ஒத்துக்கொள்ள மாட்டார்.

இருந்த எரிச்சலில் ஒன்று தோன்றியது. தோன்றியதும் வாய் சொல்லிவிட்டது.

"அறந்தாங்கிக்கு நான் போறனுங்க. இதையும் கூட்டிட்டுப் போறேன்."

புது இடம், கூட ஒரு மூளை இருந்தால் எனக்கு டென்ஷன் குறையும், டாக்டரும் அதைத்தான் சொல்கிறார், யூனிட் சொந்தக் காலில் நிற்கிற வரைக்கும்தானே என்று காரணங்களை அடுக்கினேன். பெட்டி குறுக்கே பேசவில்லை. அது எனக்குச் சொன்ன காரணமெல்லாம் அதற்கும் பொருந்தியது. "அதுவும் சரிதானுங்க" என்றது.

நல்லசிவம் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் யாரைக் கேக்கறது?"



அறந்தாங்கியில் பழைய அரிசி ஆலை ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஷெட் போட்டோம். ஒரு மூலையில் தடுப்பு வைத்து எனக்கு அறை. பெட்டியை என் மேஜை மேல் வைத்துக்கொண்டேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நான் ஆரம்பிக்கிற வாக்கியத்தை அது முடித்தது. வேலைக்கு வந்த பெண்களில் யார் நிற்பாள், யார் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் திரும்பமாட்டாள் என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னோம். மத்தியானம் நான் சாப்பிடும்போது, குழம்பு எப்படி என்று கேட்கும். உப்பு கம்மி என்று சொல்வேன். நான் வீட்டில் இல்லாமல் அவர் என்ன சாப்பிடுகிறாரோ என்று இருவரில் யாராவது ஆரம்பிப்போம்.

முதலில் அவர் தினம் பத்துத் தடவை கூப்பிட்டார். போனைப் பெட்டியோடு இணைத்து வைத்திருந்தேன், இருவரும் கேட்டுப் பதில் சொல்வோம். கழுத்துப் பட்டிக்கு ரிப் துணி எந்த மில்லில் வாங்குவது, அயர்ன் மாஸ்டர் சம்பளம் கேட்கிறான், கேட்டதைக் கொடுக்கலாமா, மழை வருகிற மாதிரி இருக்கிறது, லோடு ஏற்றலாமா. பிறகு நாலு தடவை ஆனது. பிறகு சாயங்காலம் ஒரு தடவை. ஒரு வாரம் அதுவும் இல்லை.

"இன்னைக்கும் கூப்பிடலையே" என்றது பெட்டி.

"வேலை இருக்கும்" என்றேன்.

"யாரைக் கேக்கறாருன்னு தெரியலையே."

எனக்கும் அதே கவலைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீசில் புதிதாக யாராவது சேர்ந்திருக்கிறார்களா என்று சூப்பர்வைசரைப் போனில் நோண்டிப் பார்த்தேன். யாரும் இல்லீங்க, சார் பாட்டுக்குத் தனியாக உட்கார்ந்து பேப்பரில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறார் என்றாள். நம்பலாமா என்று பெட்டியைக் கேட்டேன். நம்ப முடியாது என்றது.

அந்த வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டார். குரலில், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட பையனுக்கு இருக்கிற மாதிரி ஒரு துள்ளல். ஸ்பெயின் ஆர்டர் ஒன்றைத் தானே பேசிப் பிடித்துவிட்டேன் என்றார். விலையைச் சொன்னார். கம்மி. நானாக இருந்தால் இன்னும் இழுத்திருப்பேன். பெட்டி லேசாகத் தொண்டையைச் செருமியது, அதுவும் இழுத்திருக்கும். யாரைக் கேட்டீர்கள் என்று நான் கேட்டதற்கு, யாரையும் கேட்கவில்லை என்றார். ராத்திரி தூக்கம் வரவில்லையாம், ஆனாலும் சொல்லிவிட்டாராம். இத்தனை வருஷம் நான் எடுத்த எந்த நல்ல முடிவுக்கும் அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தின் மேலேயே எனக்கு எரிந்தது.

"இன்னொண்ணும் நானே முடிவு பண்ணியிருக்கேன்" என்றார். "வீட்டுல இருந்தாலும் என்னமோ மாதிரி இருக்குது, ஆபீஸ்ல இருந்தாலும் அப்படித்தான் இருக்குது. ஞாயித்துக்கெழமை அங்க வர்றேன். உங்களைப் பாக்கோணும்போல இருக்குது."

என்னைப் பார்க்க வேண்டும் என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. அப்புறம்தான் அந்தச் சொல் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நான் நீதான். நீ, உன்னை, உன்ற. ஒரு நாளும் நீங்கள் என்று சொன்னதில்லை, எங்கள் ஜனத்தில் பெண்டாட்டிக்கு யாரும் அந்த மரியாதையைக் கொடுப்பதில்லை. மரியாதைக்குச் சொன்ன 'உங்களை' இல்லை அது. இரண்டு பேரைப் பார்க்க வருகிறார்.

"என்ன, ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?" என்றார். மறுபடியும் பன்மை.

"வர வேண்டாமுங்க" என்றேன். அதே நொடியில் பெட்டியும் "வர வேண்டாமுங்க" என்றது.

போனில் அவருக்குப் பின்னால் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஏன்?" என்றார்.

அதற்கு என்ன காரணம் சொல்வதென்று நாங்கள் இருவருமே இன்னும் யோசித்திருக்கவில்லை.